இங்கிலாந்துக் கால்வாய்களில் நாரோபோட்: கடலில் வள்ளம் ஓட்டிய அனுபவம் போதுமா?

கீழக்கரைவாசி:
பர்மிங்காமில் வசிக்கும் மகள், ஜூலையில் எங்களை வரவழைத்து, ஒரு வாரத்துக்கு நாரோபோட் எனும் குறுகலான நீண்ட கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கால்வாய் வழியே கிராமப்புறங்களைச் சுற்றிவரலாம் என்கிறாள். அவுட்போர்டு (வெளியே மாட்டும் இன்ஜின்) பொருத்திய ஃபைபர் வள்ளத்தைப் பல ஆண்டுகள் ஓட்டியவன் நான். ஆனால் வழியில் வரும் லாக்குகளின், அதாவது நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவடைப்புத் தொட்டிகளின், கதவுகளைக் கையால்தான் தள்ளித் திறக்க வேண்டுமாம். என் மனைவிக்கோ முழங்கால் வலி. உரிமம் தேவையா, எந்தக் கால்வாய் எங்களுக்கு ஒத்துவரும் என்று அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

பாம்பன் சுக்கான்:
காக்கா, விடுமுறைக்கு எடுக்கும் வாடகைப் படகுக்கு உரிமம் வேண்டியதில்லை. புறப்படும் முன் அவர்களே ஓட்டிக் காட்டிக் கற்றுத்தருவார்கள். சுக்கான் பிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் திரும்பும் என்பது கார் மட்டும் ஓட்டியவர்களைத்தான் குழப்பும். உங்களுக்குச் சிக்கல் ரிவர்ஸில் வரும். நம் அவுட்போர்டில் இன்ஜினே திரும்புவதால் பின்னோக்கிப் போகும்போதும் திசை நம் கையில் இருக்கிறது. நாரோபோட்டில் விசிறி (புரொப்பெல்லர்) பக்கவாட்டில் திரும்பாது, அது தள்ளும் நீர் சுக்கானில் மோதினால்தான் படகு வளையும் என்பதால், ரிவர்ஸ் போட்டவுடன் அறுபதடி நீள இரும்புப் படகு ஏறத்தாழ தன் விருப்பப்படிதான் போகும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் கட்டியுள்ள படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும். கச்சான் காற்றில் ஓட்டிப் பழகியவருக்கு இந்தப் பொறுமைதான் பெரிய சோதனை என்பேன். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள்.

தேவிபட்டினத்து மருமகள்:
அண்ணன் அவர்களுக்கு, லாக்கில் பலத்தைவிட நிதானமே முக்கியம். இருபுறமும் நீர்மட்டம் சமமாகும் வரை கதவு அசையாது; சமமானபின் அதன் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்து மெல்ல அழுத்தினால் போதும். கீழிறங்கும்போதுதான் கவனம் தேவை: மேல்கதவின் அடியில் ஒரு கல்படி உள்ளே நீண்டிருக்கும், நீர் வடிகையில் படகின் பின்புறம் அதில் ஏறி நின்றுவிட்டால் அணியம் (முன்புறம்) கீழே சரிந்து, படகே மூழ்கிவிடக்கூடும். சுவரில் அதற்கான கோடு இருக்கும். அதைத் தாண்டி முன்னே படகை நிறுத்துங்கள். படகின் கயிற்றையும் இறுகக் கட்டாமல் விட்டுக்கொடுத்துப் பிடியுங்கள்.

முழங்கால் வலியுடன் வூஸ்டர் பர்மிங்காம் கால்வாய் வேண்டாம். டார்டபிக் என்னுமிடத்தில் அடுத்தடுத்து 30 லாக்குகள் உள்ளன. பர்மிங்காமிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஆஷ்பி கால்வாயைப் பாருங்கள். ஏறத்தாழ 22 மைல் தூரத்துக்கு லாக்கே கிடையாது. வழியில், 1485இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் வீழ்ந்த போஸ்வொர்த் போர்க்களப் பகுதியும் வரும்.

தங்கச்சிமடம் மெக்கானிக்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இங்கே விசிறியில் வலை சிக்கினால் கடலில் குதிக்கிறோம். அங்கே பிளாஸ்டிக் பையோ கயிறோ சிக்கினால், பின்புறத் தளத்துக்கு அடியிலுள்ள மூடியைத் திறந்து, விசிறிக்குக் கைவிட்டு எடுத்துவிடலாம். இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவி நீங்களே வைத்துக்கொண்டபிறகே கையை விடுங்கள். முடிந்ததும் மூடியைச் சரியாக இறுக்காமல் இன்ஜினைக் கிளப்பினால், விசிறி வாரியடிக்கும் நீர் உள்ளே புகுந்து படகையே மூழ்கடித்துவிடும்.