மறு: விண்ட்கேப் – 'காற்றுமூடி' பொருந்துமா?

ஐயா,

> விண்ட்கேப் = காற்றுமூடி

விண்ட்கேப் என்பது கிரம்ஹார்ன் போன்ற பழைய ஐரோப்பியக் குழல்களில், ஊதினால் அதிரும் சீவாளியை மூடியிருக்கும் மரக்கூடு. அதற்குத் தாங்கள் சொன்ன 'காற்றுமூடி' எனக்கு ஒப்பவில்லை. அந்த மரக்கூடு காற்றை மூடுவதில்லை. மேல்துளையில் ஊதும் காற்றை வாங்கிச் சீவாளிக்குக் கொடுக்கிறது. உள்ளே மூடிக் கிடப்பது சீவாளி. ஆகவே 'சீவாளிக்கூடு' என்கிறேன். 'சீவாளி' என்று நாகசுரக்காரர்களின் சொல் கையில் இருக்க, 'டபுள் ரீடு'க்கு 'இரட்டை நாணல்' என்று புதிதாகக் கட்டுவானேன்?

முன்பு இங்கே வந்த 'உறை'யும் சரிப்படாது. உறை ஒட்டியிருக்கும், இங்கே சீவாளியின் அலகு உட்சுவரில் பட்டால் அதிராது, ஒலியும் வராது.

விளக்கக் குறிப்பில் ஒன்றைத் தவறாமல் சேர்க்கவேண்டும். 16ஆம் நூற்றாண்டுக் கிரம்ஹார்னின் குணத்தில் பாதி இந்தக் கூட்டால் வந்தது. உதடு சீவாளியைத் தொடாததால் கடித்துச் சுருதி திருத்த வழியில்லை. மேல் ஸ்தாயிக்கும் தாவாது. ஏறக்குறைய ஒன்பது சுரத்தோடு சரி. மெல்ல ஊதினால் சுருதி இறங்கும், அழுத்தினால் ஏறும். அதனால் வலிவு மெலிவு காட்ட இயலாது, நாக்கால் வெட்டித்தான் சொற்கட்டைக் காட்டவேண்டும். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என உயர்ந்த குரல் முதல் தாழ்ந்த குரல் வரையுள்ள நான்கு கிரம்ஹார்ன்களை நால்வர் வாசிக்கையில், வரி முடிவில் ஒருவர் மூச்சு தளர்ந்தாலும் கடைசிச் சுரச்சேர்க்கை கெட்டுவிடும்.

சுருதி சேர்க்கக் கூட்டைக் கழற்றியாக வேண்டும். சீவாளியைத் தாங்கும் சிறு குழாயான கெண்டையைச் சற்று வெளியே இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். திரும்ப மாட்டும்போது அடியிணைப்பில் சுற்றிய நூல் தளர்ந்திருந்தால் காற்று கசிந்து, எவ்வளவு ஊதினாலும் அழுத்தம் நிற்காது. பழி பாவம் சீவாளிமேல் விழும்!

---

சீவாளிக்கூட்டை ஏற்கிறேன். ஆனால் பேக்பைப்பின் பையும் சீவாளியை உதட்டுக்கு எட்டாமல்தானே வைக்கிறது? அதையும் கூடு என்பதா?

---

வேண்டாம். பை காற்றைச் சேமிக்கிறது. வாசிப்பவர் மூச்சிழுக்கும்போதும் கை அழுத்தத்தில் ஒலி தொடரும். கூட்டில் மூச்சு நின்றால் ஒலியும் நிற்கும். ஸ்காட்லாந்துப் பேக்பைப் மாணவர்கள் பழகும் சாண்டர் என்ற குழலில் பை கிடையாது, கூடு உண்டு; அது நம் சொல்லுக்குள் வரும்.

எனக்குச் சிக்கல் வேறிடத்தில். இக்கருவி வகைக்குக் 'கூட்டுச் சீவாளிக் கருவிகள்' என்று வைத்தால், பலர் சேர்ந்து வாசிக்கும் கூட்டிசை என்றே படிப்பார்கள். பல குழல்கள் குழுவாக ஒலிக்கும் கான்சார்ட்டுக்கு ஏற்கெனவே 'கூட்டிசை' என்றுதானே எழுதிவருகிறோம்? ஆகவே 'கூடுடைக் குழல்கள்'. கிரம்ஹார்ன், கோர்ட்ஹோல்ட், கூம்புத் துளையும் உரத்த குரலும் உள்ள ரவுஷ்ஃபைஃப் மூன்றும் இதில் அடங்கும். ஷாம், டல்சியன் என்ற சீவாளிக் குழல்கள் இரண்டுக்கும் கூடு இல்லாததால் அவற்றைத் தனி வகையில் வைக்கலாம்.