கோச்சை மாத்துனா எல்லாம் சரியாயிடுமா? கோட்டோரம் நிக்கற பசங்களுக்கு யாரு பதில் சொல்றது?

பவானிக்கரை லெஃப்ட்விங்:
ஏனுங்க, எல்லாருக்கும் வணக்கம். நீளமாத்தான் எழுதப்போறன், ரெண்டு நாளா மனசு ஆறவே இல்ல. நம்ம ஹாக்கி கிளப் பசங்க 19 வயசுக்குள்ள டோர்னமென்ட் செமிஃபைனல்ல 1-3ன்னு தோத்துட்டு வந்தாங்கல்ல, தோத்தது கூடப் பெருசில்லீங்க, ஆட்டம்னா தோக்கறதுந்தான். ஆனா அந்த 60 நிமிசமும் ஒரு பையன், 15 வயசு, பேரு வேண்டாம், ஷின் கார்டு கட்டிட்டு பல்லைக் காக்கற மவுத் கார்டைக் கையில புடிச்சுட்டு கோட்டோரமே நின்னான். கடைசி குவார்ட்டர்ல மூணு நிமிசம் இருக்கறப்ப கோச் கூப்புட்டாரு, ஓடி வந்தான், மவுத் கார்டை வாயில போட்டான், அந்த நேரம் பார்த்து நம்ம டி-க்குள்ள, கோலுக்கு முன்னாடி இருக்கற அரைவட்டத்துல, எதிர் டீமுக்கு பெனால்டி கார்னர் விழுந்துருச்சு, கார்னர் குடுத்துட்டா அது முடியற வரைக்கும் மாத்து ஆளு (சப்) எறக்க முடியாதுல்ல, கோச் "இரு இரு"ன்னு கையக் காட்டுனாரு. கார்னர்ல கோல் போச்சு. அப்பறம் அவனை மறந்தே போயிட்டாரு. அவன் மவுத் கார்டைக் கழட்டி பாட்டில் தண்ணி ஊத்திக் கழுவி டப்பாவுல வெச்சு மூடுனான் பாருங்க, அதைப் பக்கத்துல நின்னு பார்த்தனுங்க.

இப்ப கமிட்டிக்காரங்க கோச்சை மாத்தப்போறாங்களாம். நாலு வருசத்துல இவரு மூணாவது ஆளு. தோத்தா அடுத்த மாசம் வேலை போயிரும்னு தெரிஞ்ச மனுசன் எப்புடீங்க சின்னப் பையனை எறக்குவாரு? பழைய ஆளுங்களையே வெச்சு ஒப்பேத்தத்தான் பார்ப்பாரு. தப்பு கோச் மேல பாதி, கமிட்டி மேல பாதிங்கறது என்ற கருத்து. நீங்க சொல்லுங்க.

பழைய கோலி ஈரோடு:
தம்பி, நானும் அன்னைக்கு கிரவுண்டுல தான் இருந்தன். நீ ஒரு பையனைப் பார்த்த, நான் ஆறு பேரைப் பார்த்தன். அந்த டீம்ல ஆறு பேரு பிளஸ் டூ. அவிங்களுக்கு இதுதான் கடைசி வருசம், நல்ல சர்டிபிகேட் இருந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டுக்கு வழி. அதுல ஒருத்தங்கப்பா தறி ஓட்டறாரு, ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு நேரா கிரவுண்டுக்கு வந்து உக்காந்திருந்தாரு. அந்தப் பையனை வெளிய எடுத்துட்டு உன்ற 15 வயசுக்காரனை எறக்கி மேட்ச் போயிருந்தா அந்த அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? 15 வயசுக்காரனுக்கு இன்னும் மூணு வருசம் இருக்குது.

காத்திருக்கறது ஒண்ணும் பாவமில்ல. நான் கோலியா, கோல் காக்கறவனா ஆடுனவன், அதனால நம்ம இந்தியா கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைத்தான் சொல்லுவன். 2006லயே சீனியர் இந்தியா டீமுக்கு வந்தாப்ல, ஆனா அட்ரியன் டிசோசா, பரத் செத்ரின்னு முன்னாடி ஆளு இருந்ததால நாலஞ்சு வருசம் நெலையான எடம் இல்ல. அந்த மனுசன்தான் 36 வயசுல 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் குவார்ட்டர் ஃபைனல்ல, நம்ம டிஃபெண்டர் ரோஹிதாசுக்கு 17வது நிமிசம் ரெட் கார்டு காட்டி மிச்ச ஆட்டம் பூரா 10 பேர வெச்சு ஆடுனப்ப, பிரிட்டனை 1-1ல நிறுத்தி ஷூட்அவுட்ல 4-2ன்னு ஜெயிக்க வெச்சாப்ல. காத்திருந்ததுனால கெட்டா போயிட்டாரு?

பவானிக்கரை லெஃப்ட்விங்:
அண்ணா, ஸ்ரீஜேஷ் காத்திருந்தாருங்கறது சரிதானுங்க, ஆனா சும்மா நின்னுட்டா இருந்தாரு? 2008ல ஜூனியர் ஆசியக் கோப்பை ஹைதராபாத்ல ஜெயிச்சமே, அதுல பெஸ்ட் கோல்கீப்பர் அவருதானே. சீனியர்ல எடம் இல்லாட்டி ஜூனியர்ல ஆடிட்டு இருந்தாரு. நம்ம பையனுக்கு எங்கீங்க ஆட்டம்? லீக் மேட்ச் 7-0ன்னு போயிட்டிருந்தப்பக் கூட எறக்கல. ரோலிங் சப்புன்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கறாங்க, எத்தன தடவ வேண்ணாலும் உள்ள வெளிய மாத்தலாமே, ஒரு குவார்ட்டருக்கு அஞ்சு நிமிசம் எறக்குனா பிளஸ் டூ பையனுக்கு சர்டிபிகேட் கொறைஞ்சா போயிரும்?

கோபி ஹாஃப்பேக்:
கோச்சை மாத்தற நாயத்துக்கு மட்டும் நான் வர்றேன். இந்த நோய் மேலயிருந்தே இருக்குதுங்க. 2015ல இந்தியா டீம் கோச்சா பால் வான் ஆஸ் வந்தாரு, சில மாசத்துலயே அனுப்பிட்டாங்க. அப்பறம் ஓல்ட்மன்ஸ், 2017ல அவரும் போனாரு, மாரைன் வந்தாரு, அடுத்த வருசமே ஹரேந்திர சிங். மூணு வருசத்துச் சொச்சத்துல நாலு பேரு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி ஆடச் சொன்னா பசங்க எதைத்தான் கத்துக்குவாங்க? 2019ல கிரகாம் ரீட் வந்தாரு, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரைக்கும் விட்டாங்க, 41 வருசம் கழிச்சு ஒலிம்பிக்ஸ் மெடல் வந்துச்சு. 1980 மாஸ்கோவுல நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன் கேப்டனா இருந்து தங்கம் வாங்குனதுக்கு அப்பறம் அதுதான் மொத மெடல்.

அந்த டோக்கியோ வெங்கல மேட்ச்சையே எடுத்துக்கங்க. ஜெர்மனியை 5-4ன்னு ஜெயிச்சோம், அதுல ரெண்டு கோல் சிம்ரன்ஜீத் சிங். அவரு மொதல்ல 16 பேர் லிஸ்ட்லயே இல்ல, ரிசர்வ் ஆளு. கொரோனாவுனால ரிசர்வ் ஆளுங்களையும் சேர்த்துக்கலாம்னு ரூல் மாத்துனாங்க, அதனாலதான் உள்ள வந்தாரு. ரூல் மாறலைன்னா அந்த ரெண்டு கோல் யாரு போட்டிருப்பா? அவரு 2016 லக்னோ ஜூனியர் உலகக் கோப்பை ஜெயிச்ச டீம் ஆளு, ஃபைனல்லயும் கோல் போட்டவரு. அடிச்சுப் பழக விட்டிருந்தாங்க, அதனால வெளிய உக்கார வெச்சாலும் துருப்புடிக்கல. பெரியண்ணன் சொல்ற காத்திருப்புக்கும் தம்பி சொல்ற ஆட்டத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் இதுதான்னு எனக்குத் தோணுது.

சூலூர் சென்டர்ஹாஃப்:
நீங்கெல்லாம் கோச்சைக் காப்பாத்தறீங்க, எனக்கு அது ஒத்துவரல. அவரு வேலை போறதும் நிக்கறதும் அப்பறம், மொதல்ல கத்துக்குடுக்கறாரான்னு பாருங்க. நானு மூணு மாசம் வெடியால 5.30க்குப் போய் நின்னு பார்த்தேன். பத்து ரவுண்டு ஓட்டம், அப்பறம் ரெண்டு டீமாப் பிரிச்சு மேட்ச், அப்பறம் ஊட்டுக்கு. கார்னர்ல பந்தை ஸ்டிக்கால இழுத்து வீசற டிராக் ஃப்ளிக் போட ஒரு பையனுக்குச் சொல்லித்தரல. ஸ்டிக்கைத் திருப்பி ரிவர்ஸ் ஸ்டிக்ல அடிக்கறது எவனுக்கும் வராது.

மண்ணு கிரவுண்டுன்னு சொல்லுவீங்க, தெரியும். மண்ணுல பந்து குதிக்கும், அதனால பசங்க நிமிந்தே நின்னு பழகிடறாங்க, டர்ஃப்ல, அதான் செயற்கைப் புல்லுல, போய் நின்னா பந்து தரையோட வழுக்கிட்டு வரும், இவன் குனியறதுக்குள்ள தாண்டிப் போயிரும். 2025 கடைசில மதுரையில ஜூனியர் உலகக் கோப்பைக்கு நாங்க நாலு பேரு பஸ் ஏறிப் போனோம், வார்ம் அப்ல வெளிநாட்டுப் பசங்க முட்டி மடிச்சு எவ்வளவு தாழ உக்காந்து தடுக்கறாங்கன்னு பார்த்துட்டே இருந்தன், அதை மண்ணுலயும் பழக்கலாமுங்க, காசா பணமா, கோச்சுக்குத் தெரியணும், தெரியாட்டிக் கத்துக்கணும்.

கோவில்பட்டிக்காரங்களைப் பாருங்க. அரியலூர்ல பொறந்த கார்த்தி அங்க ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல இருந்து பழகித்தான் 2022ல ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்குப் போனாப்ல, மொத மேட்ச்சே பாகிஸ்தான், அதுலயே கோல். கூடவே மாரீஸ்வரன், அதே ஹாஸ்டல். நம்ம பக்கம் கோயமுத்தூர்ல பொறந்த ஆடம் சின்க்ளேர் 2004ல ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் ஆடுனாப்லன்னு இன்னும் அதையே சொல்லிட்டு இருக்கறோம். கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரம் டர்ஃபைப் பத்தி எல்லாருக்கும் சந்தோசம், எனக்கும்தான், ஆனா டர்ஃப் பந்து புடிக்கச் சொல்லித்தராதுங்க.

சென்னிமலை அம்மணி:
நான் ஹாக்கி ஆடுனவ இல்லீங்க, என்ற பொண்ணு ஆடறா, ஒம்பதாவது. நீங்க எல்லாரும் பசங்களைப் பத்தியே பேசறீங்க. பொண்ணுங்களுக்கு 11 பேரு சேர்றதே கஷ்டம், அதனால பொண்ணுங்க டீம்ல எல்லாரும் முழு மேட்ச்சும் ஆடறாங்க, பெஞ்சுங்கற பிரச்சனையே இல்ல. ஆனா பிராக்டிஸ் சாயந்தரம் ஆறு மணிக்கு முடியுது, பஸ்ஸு ஏழேகாலுக்கு, கிரவுண்டுல கக்கூஸ் பூட்டிக் கெடக்குது. பத்தாவது முடிச்சதும் பாதிப் பேரு நின்னுடறாங்க. இளைய ஆளுங்களை வளத்தறதுன்னா இதுவும் சேர்த்திதானுங்களே? கமிட்டிக் கூட்டத்துல கக்கூஸ் சாவி யாருகிட்ட இருக்குதுன்னு ஒருத்தராச்சும் கேளுங்க.

இன்னொண்ணு. ஆட வெக்காட்டிப் போவுது, ஏன் வெக்கலைன்னு அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? "உன்ற பாஸ் மெதுவாப் போவுது, இதைச் சரி பண்ணிட்டு வா"ன்னா அதுங்க ரவைக்கு செவுத்துல அடிச்சுப் பழகிட்டு வந்து நிக்கும். ஒண்ணுஞ் சொல்லாம விட்டாத்தான் மனசு ஒடிஞ்சு போவுது.

பழைய கோலி ஈரோடு:
அம்மணி சொன்னது சரி, சொல்லியிருக்கணும். சாவி விசயத்தை நானே கேக்கறன், அதுக்குக் கூட்டம் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. லீக் மேட்ச்ல சின்னப் பசங்களுக்கு எடம் குடுக்கறதுக்கும் ஒத்துக்கறன், 7-0 மேட்ச்ல எறக்காதது தப்புத்தான். ஆனா செமிஃபைனல்ல யாரு ஆடணும்னு கமிட்டி சொல்லக்கூடாது, நாமளும் சொல்லக்கூடாது. அது கோச் முடிவு. அதுல நான் எறங்கி வரமாட்டேன்.

பவானிக்கரை லெஃப்ட்விங்:
செமிஃபைனலை விட்டுடறனுங்கண்ணா. ஒரு நோட்டு போடுவோம், ஒவ்வொரு மேட்ச்லயும் யாரு எத்தன நிமிசம் ஆடுனாங்கன்னு எழுதுவோம், லீக் முடியறப்ப ஒருத்தன் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லைன்னா கோச் எந்திரிச்சுக் காரணம் சொல்லட்டும். அதோட கோச்சுக்கு ரெண்டு வருசம் எழுதிக் குடுங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் கேக்கறன்.

சூலூர் சென்டர்ஹாஃப்:
ரெண்டு வருசம் குடுக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ஆறு மாசம் குடுங்க, கோச்சிங் கோர்ஸ் போயிட்டு வரட்டும், கார்னர் அடிக்க ரெண்டு பேரைத் தயார் பண்ணிக் காட்டட்டும், அப்பறம் பேசலாம். சனிக்கெழம கூட்டத்துலயும் இதைத்தான் சொல்லப்போறன்.

சென்னிமலை அம்மணி:
அந்தப் பையன் ரெண்டு நாளா பிராக்டிசுக்கு வரலைன்னு என்ற பொண்ணு சொன்னா. யாராச்சும் போய்ப் பார்த்தீங்களா?

பவானிக்கரை லெஃப்ட்விங்:
நேத்துப் பொழுதோட போனனுங்க. ஸ்டிக்கை அட்டாலில தூக்கிப் போட்டுட்டானாம், அவங்கம்மா சொன்னாங்க. அவன் எங்கூடப் பேசல, ஊட்டுக்குப் பின்னாடி போயி நின்னுட்டான்.

பழைய கோலி ஈரோடு:
ஊடு எந்தப் பக்கம்னு எனக்குத் தனியா அனுப்பு தம்பி. வெடியால நான் போறேன், கோச்சையும் வண்டில கூட்டிட்டுப் போறேன்.