38 ஜிபி கூத்து வீடியோ, அப்லோட் வெறும் 40 கேபி: பிழை லைனிலா, செட்டிங்கிலா?

கல்லடிப் பாலத்தடி:
அண்ணன்மாரே, எங்கட ஊரில் போன மாதம் விடிய விடிய ஆடின வடமோடிக் கூத்தை மூன்று கமெராவில் எடுத்து வைத்திருக்கிறேன், மொத்தம் 38 ஜிபி. லண்டனில் மாமா, கனடாவில் சித்தி, சுவிஸில் மச்சான், மூன்று பேரும் கேட்கிறார்கள் என்று டொரண்ட் செய்து விட்டேன் (ஃபைலைத் துண்டு துண்டாக்கி, ஆளுக்கு ஆள் கணினியில் இருந்து நேரே பகிரும் முறை). வீட்டில் 4ஜி ரவுட்டர். ஸ்பீட் டெஸ்ட்டில் அப்லோட் 12 எம்பிபிஎஸ் காட்டுகிறது, டொரண்டிலோ நொடிக்கு 40 கேபி தாண்டவில்லை. கணக்குப் பார்த்தால் ஒரு பிரதி போய்ச் சேரவே பதினொரு நாள். மாமா நேற்று "டிக்கெட் போட்டு வந்து பார்த்திருக்கலாம்" என்கிறார். எங்கே பிழை?

காத்தான்குடி நெட்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி. டொரண்ட் என்று தெரிந்ததும் கம்பனிக்காரன் கழுத்தை நெரிக்கிறான். என் கடையிலும் இரவு எட்டு மணிக்குச் செத்துப்போகும், சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் பறக்கும். என்ன போகிறது என்று அவனுக்குத் தெரியாமல் மறைக்கிற என்கிரிப்ஷனைக் கட்டாயம் என்று போடுங்கள், தரவு போய்வருகிற வாசல் எண்ணான போர்ட் 6881 இல் இருந்தால் வேறு பெரிய எண்ணுக்கு மாற்றுங்கள்.

அக்கரைப்பற்று நானா:
இரவில் செத்து விடியக்காலை உயிர்த்தால் அதற்குப் பெயர் நெரிப்பு இல்லை, நெரிசல். எட்டு மணிக்கு ஊரே நாடகமும் வீடியோக் கோலும் பார்க்கிறது, டவர் ஒன்றுதானே. எல்லாப் பழியையும் கம்பனி தலையில் போட்டுவிட்டால் நாம் ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை, அந்தச் சுகம் எனக்கும் தெரியும்.

தம்பி, 12 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 1.5 எம்பி, அதுதான் உங்கள் உச்சம். இனி ரவுட்டருக்குள் போய் வெளிப்பக்க ஐபி என்னவென்று பாருங்கள். 100.64 இல் இருந்து 100.127 க்குள் தொடங்கினால் உங்களுக்கென்று தனி முகவரி இல்லை, நூற்றுக்கணக்கான வீடுகளோடு ஒரே முகவரியைப் பங்குபோடுகிறீர்கள். 10 இல் தொடங்கினாலும் அதே கதைதான். உள்ளே இருந்து வெளியே கூப்பிடலாம், வெளியே இருந்து உங்களை யாரும் கூப்பிட முடியாது. ரவுட்டரில் போர்ட் திறந்தும் பிரயோசனம் இல்லை, பூட்டு கம்பனிப் பக்கம் கிடக்கிறது.

காத்தான்குடி நெட்:
சரி நானா, கதவு பூட்டு என்றால் ஒரு கேபி கூடப் போகக்கூடாதே. 40 எப்படிப் போகிறது? கடையில் எனக்கும் 100 இல் தொடங்குகிற ஐபிதான், நல்ல நேரத்தில் 1 எம்பி தாண்டிப் போகும்.

கல்லடிப் பாலத்தடி:
பார்த்தேன். ஐபி 100.80 ஏதோ என்று தொடங்குகிறது. என்கிரிப்ஷன் போட்டேன், போர்ட் மாற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. அதே நேரத்தில் ஒரு கமெரா ஃபைலை கிளவுட்டுக்கு ஏற்றிப் பார்த்தேன், நொடிக்கு 1.3 எம்பி போனது. இன்னொன்று, டொரண்டில் எனக்குத் தெரிவது சுவிஸ் மச்சான் மட்டும்தான். மாமாவும் சித்தியும் தெரியவே இல்லை.

காத்தான்குடி நெட்:
பார்த்தீர்களா! கிளவுட்டுக்கு ஓடுகிறது, டொரண்டுக்கு ஓடவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அக்கரைப்பற்று நானா:
சாட்சி எனக்குத்தான். உங்கள் பக்கமும் பூட்டு, மாமா பக்கமும் பூட்டு என்றால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடிப்பது பெரும்பாலும் முடியாது. மச்சான் வீட்டு ரவுட்டர் தானாகவே போர்ட் திறந்திருக்கும், அதனால் அவரை மட்டும் பிடிக்க முடிகிறது.

வந்தாறுமூலை மாணவி:
நானா சொல்வது ஏன் ஒரு ஆள் மட்டும் தெரிகிறார் என்பதற்குப் பதில். அந்த ஒரு ஆளுக்கு ஏன் 40 கேபி என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. கல்லடி அண்ணா, 'சூப்பர் சீடிங்' என்று ஒரு பெட்டியில் டிக் போட்டீர்களா?

போட்டிருந்தால் அதுதான். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கூத்துக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து ஒரு ஆளிடம் கொடுத்து, அது இன்னொருவர் கைக்குப் போனதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அடுத்த தாளைத் தருவேன் என்று நிற்பது மாதிரி. கனபேர் இருக்கிற கூட்டத்தில், முதல் பிரதியை வீணாக்காமல் பரப்ப இது நல்லது. உங்களுக்குத் தெரிவதோ ஒரே ஆள், அந்த 'இன்னொருவரை' உங்கள் கணினி எப்படிக் காணும்? சில மென்பொருள்கள் அவ்வளவு கண்டிப்பில்லாமல் அடுத்த துண்டைத் தந்துவிடும், அதுவும் ஒவ்வொன்றாகத்தான். அதனால்தான் முழுக்க நிற்காமல் சொட்டுகிறது.

கல்லடிப் பாலத்தடி:
தங்கச்சி, போட்டிருந்தேன்! யூடியூப்பில் ஒருவர் "ஸ்பீட் கூடும்" என்றார், பெயரிலும் சூப்பர் என்று இருக்கிறதே. டிக்கை எடுத்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, 1.4 எம்பிக்கு ஏறிவிட்டது. உடனே அம்மா குசினிக்குள் இருந்து சத்தம், பெரியம்மாவோடு பேசின வாட்ஸ்அப் கோல் அறுந்துவிட்டதாம்.

வந்தாறுமூலை மாணவி:
அப்லோட் பாதையை முழுக்க அடைக்காதீர்கள். நீங்கள் இறக்குகிற தரவு வந்து சேர்ந்தது என்ற பதிலும் அதே பாதையால்தான் போக வேண்டும், அதற்கு இடமில்லாவிட்டால் டவுன்லோடும் படுத்துவிடும். உச்சத்தில் எண்பது வீதம் போல வையுங்கள்.

காத்தான்குடி நெட்:
தம்பிக்குச் சரிவந்தது சந்தோசம். ஆனால் என் கடையில் சூப்பரும் இல்லை சுப்பரும் இல்லை, இரவு எட்டுக்கு ஏன் சாகிறது?

அக்கரைப்பற்று நானா:
தம்பி செய்தது மாதிரி எட்டு மணிக்கே கிளவுட்டுக்கு ஒன்றை ஏற்றிப் பாருங்கள் மச்சான். இரண்டும் சேர்ந்து செத்தால் டவர். டொரண்ட் மட்டும் செத்தால் உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், பகிரங்கமாக.

கல்லடி தம்பி, சுவிஸ் மச்சானை மட்டும் கணினியை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். மாமாவும் சித்தியும் அவரிடம் இருந்துதான் எடுக்கப்போகிறார்கள். அப்படியென்றால் உங்கள் டேட்டாவில் கழிவது 38 ஜிபியோடு நிற்கும், மூன்று பேருக்கும் நீங்களே கொடுத்தால் 114.

கல்லடிப் பாலத்தடி:
1.1 எம்பியில் கட்டி வைத்திருக்கிறேன், கோலும் அறவில்லை. இப்போது 22 வீதம். கரண்ட் போகாவிட்டால் விடியும்போது முடியும். மாமா முதல் கமெராவைத் திறந்து பார்த்துவிட்டு மத்தளச் சத்தம் காணாது என்கிறார்.