படகு சீட் ரெக்சின் கிழிஞ்சிருக்கு, ஒட்டுனா நிக்குமா இல்ல முழுசா மாத்தணுமா?

தெப்பம்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு பழைய ஃபைபர் போட் வாங்கி எஞ்சின், வயரிங், பில்ஜ் பம்ப்னு ஒவ்வொண்ணா சரி பண்ணிட்டே வந்தேன், எல்லாம் ஓகே, ஆனா இந்த பின்சீட்டு மட்டும் மானத்த வாங்குது. மூணு எடத்துல பிரச்சினை. ஒண்ணு, உக்கார்ற எடத்துல நடுவுல எல் மாதிரி ஒரு கிழிசல், ரெண்டு பக்கமும் சேத்து ஒரு 10 செ.மீ. இருக்கும், யாரோ பாக்கெட்ல சாவியோட உக்காந்திருக்கணும். ரெண்டு, முன்பக்க ஓரத்துல பைப்பிங் (ஓரத்துல கயிறு மாதிரி புடைச்சு நிக்கிற பட்டி) ஓடுற எடத்துல தையல் பிரிஞ்சு வாயப் பொளந்துட்டு நிக்குது, அங்க ரெக்சின் கிழியல, நூல் மட்டும்தான் போயிருக்கு. மூணாவது, வெயில் படுற மூலையில ஏரிச்சேறு காஞ்சு வெடிச்ச மாதிரி பொடிப்பொடியா விரிசல். பழைய ஓனர் எல்லாத்துக்கும் மேல சில்வர் டேப்ப ஒட்டி வெச்சிருந்தாரு, அத உரிச்சா பிசின் அப்படியே நிக்குது, அதுல இப்ப ஊரு அழுக்கெல்லாம் ஒட்டுது.
என் கேள்வி இதுதான்: ஒட்டு போட்டா தாங்குமா? இல்ல மொத்தமா கழட்டி புது ரெக்சின் போடணுமா? வீட்ல சாதா தையல் மிஷின் இருக்கு, அதுல ஓடுமா? தைக்க ஓரளவு தெரியும், தலகாணி உறை லெவல்ல.

நங்கூரம்2:
ப்ரோ எதுக்கு இவ்ளோ யோசனை, சூப்பர் க்ளூ ரெண்டு சொட்டு விட்டு அழுத்திப் பிடிங்க, முடிஞ்சது. நான் அப்படித்தான் பண்ணேன்.

ஊசிமுனை:
நங்கூரம், கோவிச்சுக்காதீங்க, அந்த ஒட்டு எத்தன நாள் நின்னுச்சுன்னும் சேத்து சொல்லிருக்கணும் நீங்க. சூப்பர் க்ளூ காஞ்சா கண்ணாடி மாதிரி எறுகிடும். சீட்டு ஒவ்வொரு தடவ உக்காரும்போதும் அமுங்கி எந்திரிக்குது, எறுகுன பசை அதோட வளையாது, பக்கத்துலயே புதுசா ஒரு கோடு போட்டு கிழிக்கும். அப்புறம் ஓரமெல்லாம் முள்ளு மாதிரி குத்தும், ஷார்ட்ஸ் போட்டு உக்காந்தவனுக்குத்தான் தெரியும் அந்த வேதன.

தெப்பம் தம்பி, நான் சீட் வேலதான் பாக்குறேன், கார் சீட்டு, பைக் சீட்டு, போட் சீட்டு எல்லாம். உங்க மூணு கிழிசலும் மூணு வேற வியாதி, ஒரே மருந்து கிடையாது.

பைப்பிங் பக்கம் இருக்குறது நூல் வியாதி. ரெக்சின் நல்லா இருக்கும்போதே நூல் முதல்ல போயிடும், ஏன்னா வெயில்ல நிக்காத நூல போட்டிருப்பாங்க. பருத்தி நூல் ஈரத்துல மக்கும், நைலான் நூல் வெயில்ல இத்துப் போகும். பாலியெஸ்டர், அதுவும் பாண்டடுனு (இழை பிரியாம இருக்க பூச்சு போட்டது) கேட்டு வாங்கணும், அதான் வெளி வேலைக்கு. பிடிஎஃப்ஈ நூல்னு ஒண்ணு இருக்கு, டெஃப்லான்னு சொல்றோமே அதான், வெயில் அத ஒண்ணும் பண்ணாது, ஆனா வெல கூட, வழுக்கும், சாதா மிஷின்ல டென்ஷன் செட் பண்றதுக்குள்ள நாக்கு தள்ளிடும். உங்களுக்கு பாண்டட் பாலியெஸ்டர் போதும்.

மூலையில வெடிச்சிருக்குறது ரெக்சினோட வயசு. ரெக்சின்ங்கிறது பிவிசி, அதுக்குள்ள மெதுமெதுன்னு இருக்க ஒரு எண்ணெய் மாதிரி பொருள் கலந்திருப்பாங்க. வெயில்ல வருஷக்கணக்கா கெடந்தா அது வெளிய வந்துடும், மிச்சம் இருக்குறது வெறும் பிளாஸ்டிக் ஓடு. அதுக்கு ஒட்டு போட்டா ஒட்டு நிக்கும், பக்கத்துல இருக்குற ரெக்சின் நிக்காது. அந்தத் துண்ட மாத்தியே ஆகணும்.

எல் கிழிசல் மட்டும்தான் உண்மையிலயே ஒட்டு போடக்கூடிய காயம்.

ஆனா இதெல்லாம் அப்புறம். முதல்ல அந்த கிழிசல் பக்கத்துல உள்ளங்கைய வெச்சு முழு பலத்தோட அழுத்துங்க. தண்ணி வருதா, நாத்தம் வருதான்னு பாத்துட்டு சொல்லுங்க.

தெப்பம்:
அண்ணே அழுத்துனேன். தண்ணி வந்துச்சு. கொஞ்சமா இல்ல, பைப்பிங் பிரிஞ்ச எடம் வழியா கொடகொடன்னு வந்துச்சு, மழை பேஞ்சு பத்து நாள் ஆகுது இங்க. நாத்தத்த பத்தி கேக்காதீங்க.

ஊசிமுனை:
நெனச்சேன். அப்ப சீட்ட கழட்டி கவுத்துப் போடுங்க, அடிப்பலகைய ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. சில்லு சில்லா வந்தா பலகையும் போச்சு. கிழிசல் சும்மா வாசல்தான் தம்பி, குடியிருக்குறது உள்ள. ஈரத்தோட மேல ஒட்டு போட்டா புண்ணுக்கு மேல பவுடர் பூசுன மாதிரி.

சும்மாபாத்தேன்:
குறுக்க வரேன் மன்னிக்கவும். எங்க போட்ல ஒட்டு கிட் வாங்கி பண்ணேன், அனுபவம் சொல்றேன், யாருக்காவது உதவும். அந்த பேஸ்ட்ட தடவி, தோல் மாதிரி ரேகை இருக்குற ஒரு பேப்பர மேல வெச்சு, சூடான இரும்பால அழுத்துனா காயும்னு போட்டிருந்தாங்க. சின்ன சிகரெட் ஓட்டைக்கு அருமையா வந்துச்சு, தடவிப் பாத்தாலும் தெரியாது. அந்த தெம்புல நீளக் கிழிசலுக்கும் பண்ணேன், மூணாவது ட்ரிப்லயே விட்டுப் போச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, பேஸ்ட் வெறும் பூச்சு, இழுவைய தாங்குறது அடியில வைக்கிற துணிதான், நான் அத வைக்கவே இல்ல.
இன்னொண்ணு கலர். வெள்ளைன்னு நெனச்சு வெள்ளைய பூசுனேன், காஞ்சதும் பாத்தா சீட்டு வெள்ளையே இல்ல, பழுப்பு. வெள்ளையில இத்தன வெள்ளை இருக்கும்னு கல்யாணத்துக்கு வேட்டி எடுக்கும்போது கூட தெரியல.

ஊசிமுனை:
சும்மாபாத்தேன் சொன்னது நூத்துக்கு நூறு. எல் மாதிரி கிழிசலுக்கு முறை இது, பலகையும் ஃபோமும் காய்ஞ்சு நல்லா இருக்குற சீட்டா இருந்தா மட்டும். கிழிசல விட எல்லாப் பக்கமும் 2, 3 செ.மீ. பெருசா ஒரு துணித் துண்டு வெட்டுங்க, மூலைய வட்டமா வெட்டணும், கூர் மூலை சுருண்டுக்கும். அத ட்வீஸர்ஸால கிழிசல் வழியா உள்ள விட்டு, ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் நடுவுல பரப்பி, வளையக்கூடிய வினைல் பசைய ரெக்சினோட அடிப்பக்கத்துலயும் துணி மேலயும் தடவி, கிழிஞ்ச ரெண்டு ஓரத்தையும் ஒண்ணோட ஒண்ணு முட்டுற மாதிரி கொண்டு வந்து, மேல மெழுகுத் தாள் போட்டு ஒரு பலகை, அதுக்கு மேல வெயிட், ஒரு நாள் முழுக்க தொடக்கூடாது. எல்லாரும் அவசரப்பட்டு ரெண்டு மணி நேரத்துல தூக்கிப் பாக்குறாங்க, அங்கதான் கெடுது.
முன்னாடி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வெச்சு துடைக்கணும். சீட்டு பளபளக்க சிலிகான் பாலிஷ் போட்டிருந்தா எந்தப் பசையும் பிடிக்காது. டேப் பிசினுக்கும் அதே ஆல்கஹால்தான், பொறுமையா. தின்னர், அசிட்டோன் பக்கம் போகாதீங்க, பிசினோட சேத்து ரெக்சின் மேல இருக்குற பூச்சையும் கரைச்சு எடுத்துடும்.

தெப்பம்:
கிணறு வெட்ட பூதம் கிளம்புன கதையாப் போச்சு. கவுத்துப் போட்டு ஸ்டேப்பிள் பின் எல்லாத்தையும் பிடுங்குனேன், பாதி பின்னு துருவா உதிருது, ப்ளைவுட்டு ஒரு பக்கம் ஊறுன பிஸ்கட் மாதிரி இருக்கு. ஃபோம தூக்குனா ரெண்டு கையாலயும் தூக்க முடியல, அவ்ளோ தண்ணி. அதுல கூத்து என்னன்னா, யாரோ ஃபோம சுத்தி பிளாஸ்டிக் ஷீட்ட ஒட்டி பேக் பண்ணி வெச்சிருக்காங்க. சரி, முழுசாவே பண்ணிடறேன். எங்கேருந்து ஆரம்பிக்க? இந்த மிஷின் தாங்குமா சொல்லுங்க.

ஊசிமுனை:
அந்த பிளாஸ்டிக்தான் வில்லன். தண்ணி உள்ள போகக்கூடாதுன்னு சுத்துறாங்க, ஆனா தையல் ஓட்டை வழியா எப்படியும் போகும், போனது வெளிய வர வழியில்லாம உள்ளயே கெடந்து பலகைய தின்னும். போட் சீட்டுல தண்ணி போறத தடுக்குறத விட போன தண்ணிய வெளியேத்துறதுதான் வேல. அதனால புது பலகையில நாலஞ்சு ஓட்டை போடுங்க, சுண்டு விரல் போற அளவுக்கு. பலகை மரைன் ப்ளை, ஆனா மரைன் ப்ளைன்னா மக்காதுன்னு அர்த்தம் இல்ல, நடுவுல இருக்குற பசைதான் தண்ணிக்கு விடாது, மரம் மரம்தான். வெட்டுன ஓரத்துக்கும் ஓட்டைக்குள்ளயும் எபாக்ஸி பூசுங்க. ஃபோம், வசதி இருந்தா தண்ணி வடியுற ரகம், ரெட்டிகுலேட்டட்னு சொல்லுவாங்க, சல்லடை மாதிரி இருக்கும், ஊத்துனா அப்படியே கீழ இறங்கிடும். இல்லன்னா சாதா ஃபோமே போடலாம், ஆனா பிளாஸ்டிக் சுத்தாதீங்க.

பழைய ரெக்சின தூக்கிப் போட்டுடாதீங்க!! அதான் உங்க அளவு. பிரிக்கிறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுங்க, ஒவ்வொரு துண்டு மேலயும் நம்பர் போடுங்க, ரெண்டு துண்டு சேர்ற எடத்துல குறுக்க பேனாவால சின்னச் சின்ன கோடு போடுங்க, தைக்கும்போது கோட்டுக்கு கோடு சேத்தா வளைவெல்லாம் தானா உக்காரும். அப்புறம் தையல பிரிச்சு, தட்டையாக்கி, புதுசு மேல வெச்சு வரையுங்க. பழசு இழுபட்டிருக்கும், அத கண்ணால பாத்து கொஞ்சம் சரி பண்ணிக்கணும்.

மிஷின்: ரெண்டு மடிப்பு ரெக்சின் ஓடும். பைப்பிங் வர்ற எடத்துல நாலு மடிப்பு, அங்க மோட்டார் அழும், கையால சக்கரத்த சுத்தி ஒவ்வொரு தையலா போங்க. ஊசி 16 இல்லன்னா 18 நம்பர், நூல் 69 சைஸ், வீட்டு மிஷினுக்கு அதுக்கு மேல வேணாம். தையல் நீளம் 4 மி.மீ.க்கு கொறையக்கூடாது. நெருக்கமா தச்சா பலமா இருக்கும்னு நெனப்பாங்க, துணிக்கு சரி, ரெக்சினுக்கு அது தபால் தலை ஓரம் மாதிரி, இழுத்தா அந்த கோட்டுலயே கிழியும். குண்டூசியும் குத்தாதீங்க, அந்த ஓட்டை ஆறாது, கிளிப் போடுங்க. மிஷின் பாதத்துல ரெக்சின் ஒட்டிக்கிட்டு நகராது, டெஃப்லான் பாதம் கெடைச்சா மாட்டுங்க, கெடைக்கலன்னா ஒரு மெல்லிசு பேப்பர மேல வெச்சு தச்சுட்டு கிழிச்சு எடுத்துடலாம்.

நங்கூரம்2:
அண்ணே ஸ்டேப்பிள் பின் கடையில கெடைக்கிற சாதா பின் போதும்ல? அதுவாவது நான் சொல்றது சரியா 😅

ஊசிமுனை:
😄 அதுவும் இல்ல. ஸ்டெயின்லெஸ் பின்னுதான், 304 கிரேடு இல்லன்னா 316 கிரேடு, உப்புத் தண்ணின்னா 316. சாதா பின் துருப்பிடிச்சு வெள்ளை ரெக்சின்ல செவப்பு கோடா வழியும். காந்தம் வெச்சு செக் பண்ணி ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போகாதீங்க, 304 கம்பிய இழுத்து பின்னாக்கும்போது லேசா காந்தம் பிடிக்கத்தான் செய்யும். பின்னோட கால் பலகைய விட சின்னதா இருக்கணும், 12 மி.மீ. பலகைக்கு 8, 10 போதும்.

தெப்பம்:
மூணு வாரம் கழிச்சு வரேன். முடிச்சுட்டேன்! மூலையில மடிப்பு விழுந்தது, பிரிச்சு ரெண்டு தடவ பண்ணேன். பைப்பிங்க்கு ரெண்டு ஊசி ஒடஞ்சுது, அண்ணன் சொன்னத கேக்காம மோட்டார்ல ஓட்டுனேன். ஆனா ஒரு குறை, முன்பக்க பைப்பிங் கோடு நேரா இல்ல, இடது பக்கம் கீழ இறங்கி நிக்குது. ஒரு மூலையில ஆரம்பிச்சு வரிசையா பின் அடிச்சுட்டே போனேன், கடைசி பக்கம் வரும்போது எல்லாம் கோணலாயிடுச்சு. இன்னொண்ணு, மாத்தாம விட்ட முதுகு சாயுற குஷன்ல ரோஸ் கலர்ல திட்டுத்திட்டா இருக்கு, ப்ளீச் போட்டும் போகல.

ஊசிமுனை:
ப்ளீச்ச நிறுத்துங்க முதல்ல, அது நூல தின்னும். அந்த ரோஸ் மேல இருக்குற அழுக்கு இல்ல, அடியில ஈரத்துல வளர்ற கிருமி விடுற சாயம், அது ரெக்சினுக்குள்ளயே ஊறி மேல வருது, தேய்ச்சு எடுக்க முடியாது. அதுவும் உள்ள நனைஞ்சிருக்குன்னு அர்த்தம். சீசன் முடியட்டும், அதையும் பிரிச்சுடுங்க, இப்பதான் கை பழகிருச்சே.

கோணலுக்கு முழுசா கழட்ட வேணாம். முன்பக்கத்து பின்ன மட்டும் பிடுங்குங்க, சீட்ட ஒரு இருபது நிமிஷம் வெயில்ல வெச்சா ரெக்சின் எளகி வரும். பைப்பிங்க கையால நேராக்கி நடுவுல ஒரு பின், அப்புறம் எதிர்ப்பக்கம் நடுவுல ஒண்ணு சரி பாத்துட்டு, நடுவுலேருந்து ரெண்டு மூலைக்கும் மாத்தி மாத்தி அடிச்சுட்டே போங்க, மூலை எப்பவும் கடைசி.

தெப்பம்:
அண்ணே இங்க ரெண்டு நாளா மேகமூட்டம், வெயிலுக்கு பதிலா ஹேர் டிரையர் காட்டலாமா?

ஊசிமுனை:
காட்டலாம், ஆனா ஒரே எடத்துல நிறுத்தாதீங்க. கைய அதே காத்துல வெச்சு பாருங்க, கை சுட்டா ரெக்சினுக்கும் சுடும்.