புதுப்பிப்பு: சட்டைப் பொத்தான் விஷயம்

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் 14 வயது மகனுக்குப் பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி கடைசிப் படியிலிருந்து தொடங்கினேன். பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிடுவேன். மறுபக்கம் பிடித்து இழுப்பது மட்டும் அவன் வேலை. கைத்தசை தளர்வாக இருப்பதால் பிடி வழுக்கும். அதனால் பழைய சட்டை ஒன்றில் பெரிய பொத்தான்களைத் தைத்து, மடியில் விரித்துப் பழகினோம்.

அப்புறம், வாயால் சொல்வதைக் குறைத்தேன். கேட்டதைவிடப் பார்த்ததை மனதில் நிறுத்துவது டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்கு எளிது. அலமாரிக் கதவில் 4 படங்கள் ஒட்டியிருக்கிறேன். (நான் வாயை மூடியதே பாதி வெற்றி என்கிறாள் மகள்.) அவசரத்தில் நானே போட்டுவிட்ட காலைகளும் உண்டு, மறைப்பானேன்.

நேற்று 3 பொத்தான்களைத் தானே போட்டான். காலர் பொத்தான் இன்னும் என் பொறுப்பில்தான்.