உதவி: லெமன் டிரிசில் கேக் அடியில் களியாகுது, மேலே பொருக்கே வரல

புதுக்கை: நாளைக்கு சாயங்காலம் பிறந்தநாள், அவசரம். லெமன் டிரிசில் கேக் செஞ்சேன். மேலே ஊத்தின டிரிசில் (எலுமிச்சைச் சாறும் சீனியும்) முழுசும் அடியில இறங்கி களி மாதிரி ஆயிடுச்சு. மேலே மொறுமொறுன்னு சீனி படியவே இல்ல. எங்க தப்பு?

ரவைலட்டு: அளவு சொல்லுங்க. டின் சைஸ்? ஓடிஜியா (சின்ன கரண்ட் ஓவன்), கன்வெக்‌ஷனா (ஃபேன் ஓடற ஓவன்)? டிரிசில்ல என்ன சீனி, எவ்வளவு சாறு? ஊத்தும்போது கேக் சூடா, ஆறிடுச்சா?

தீக்கங்கு: ஓவன்தான் காரணம். சில ஓடிஜில டயல் 180 காட்டும், உள்ளே 150தான் இருக்கும். தெர்மாமீட்டர் வாங்கி வைங்க. நடு வேகலைன்னா எதை ஊத்தினாலும் களிதான்.

பழையபேக்கர்: இதே கேள்விக்கு நாலு இழை இருக்கு, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. சாதா பட்டர் கேக் ஒழுங்கா வந்த பிறகு டிரிசிலுக்கு வரலாம். மாவுல என்ன போட்டீங்க, பேக்கிங் பவுடரா சோடாவா? அதையாவது சொல்லுங்க.

புதுக்கை: ஓடிஜி. வெண்ணெய், சீனி, மைதா தலா 225 கிராம், முட்டை 4. குத்திப் பார்த்தேன், குச்சி சுத்தமா வந்துச்சு. டிரிசிலுக்கு ஐசிங் சுகர் இல்ல, சீனியைப் பொடிச்சு 6 எலுமிச்சை சாறு, புளிப்பா இருந்ததால அரை டம்ளர் தண்ணி சேர்த்துக் கொதிக்க வச்சேன். கேக் ஆறினதும் அடிவரைக்கும் குத்தி ஊத்தினேன்.

தீக்கங்கு: குச்சி சுத்தமா வந்தாலும் தெர்மாமீட்டர் வாங்குங்க.

ரவைலட்டு: விடை கிடைச்சாச்சு. இதுல ஓவனைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. டிரிசில்ல சீனி கரையக் கூடாது. சாறு சூடான கேக்குக்குள்ள இறங்கணும், கரையாத சீனி மேலேயே தங்கி ஆறி இறுகணும். அதுதான் பொருக்கு. நீங்க செஞ்சது பாகு, எல்லாம் உள்ளே போயிடும். 85 கிராம் சாதா சீனிக்கு 60 மில்லி சாறு போதும். தண்ணி வேண்டாம், அடுப்பும் வேண்டாம். ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு கலக்கு, அவ்வளவுதான். நம்ம சீனி பெருவெட்டா இருந்தா மிக்ஸில ரெண்டு வினாடி, பொடியாக்கிடாதீங்க. ஓவன்ல இருந்து எடுத்த 5 நிமிஷத்துல, டின்ல இருக்கும்போதே, மெல்லிசான குச்சியால முக்கால் ஆழம் மட்டும் குத்தி ஸ்பூன் ஸ்பூனா விடுங்க. அடிவரைக்கும் ஓட்டை போட்டா சாறு நேரா அடிக்குத்தான் போகும். முழுசா ஆறின பிறகு எடுங்க. செஞ்சு கெட்டதோட அடியை வெட்டிட்டு மேல்பாதியை கஸ்டர்டுல போடலாம்.

பழையபேக்கர்: 60 மில்லி சரி. ஆனா எலுமிச்சை லெமன் இல்லை, லைம். ஆங்கிலேயர் ரெசிபில 2 லெமன்னா அது இங்கே நாலஞ்சு பழம்.

கொடிமுல்லை: நூறு வருஷமா எலுமிச்சையை லெமன்னுதான் சொல்றோம், லெமன் ரைஸ்னு. இப்ப அதுக்கும் பேரு மாத்தணுமா?

பழையபேக்கர்: பேர் எதுவா இருந்தாலும் வாசனைக்குத் துருவிப் போடற தோல் வேற. லெமன் தோல் தடிப்பு, எண்ணெய் அதிகம். எலுமிச்சைத் தோல் மெல்லிசு, ரெண்டு இழுப்புல வெள்ளைப்பகுதி வந்துடும், கசக்கும்.

கொடிமுல்லை: மஞ்சளாப் பழுத்ததா எடுத்து நுண்ணிய துருவியில ஒரே இழுப்பு, பழத்தைத் திருப்பிக்கிட்டே. துருவலை மாவுக்குப் போடற சீனியோட கையால பிசைஞ்சு விட்டா வாசனை இறங்கும். இதுக்கு லண்டன் பழம் எதுக்கு?

மேகலா_சமையல்: நாரத்தை போடலாமா? கமலா ஆரஞ்சு?

ரவைலட்டு: நாரத்தை ஊறுகாய்க்கு இருக்கட்டும். கமலா மட்டும் போட்டா புளிப்பில்லாம திகட்டும், பாதி எலுமிச்சை கலந்துக்குங்க. @புதுக்கை, சோடாவா பவுடரான்னு இன்னும் சொல்லல. 225 கிராம் மைதாவுக்கு பவுடர் 3 டீஸ்பூன். அந்த அளவுக்கு சோடா போட்டா சோப்பு வாடை வரும், கேக் கறுக்கும். டின்ல மாவு மூணுல ரெண்டு பங்குக்கு மேல வேண்டாம்.

புதுக்கை: மேலே பொருக்கு வந்துடுச்சு, நன்றி!! முதல் கேக்குல சோடாதான் போட்டிருந்தேன், அதான் அந்த வாடை போல.

தீக்கங்கு: டின் சைஸ் கடைசிவரை சொல்லவே இல்லையே.