கல்யாண வீடியோ கிரேடிங் (நிறத் திருத்தம்): கிராபிக்ஸ் கார்டு 5060 டிஐ 16 ஜிபியா, பழைய 3090 24 ஜிபியா?

ஈரோட்டு_ஃபிரேம்
வணக்கம். கல்யாண வீடியோ எடுக்கிறேன். கேமரா சோனி எஃப்எக்ஸ்30, எஸ்-லாக்3 (பின்னால் நிறம் திருத்துவதற்கான மங்கலான பதிவு), 4கே, எச்.265 சுருக்கம், 10 பிட் 4:2:2 (நிற விவரத்தில் பாதியை வைத்திருக்கும் முறை). மென்பொருள் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ 20. கணினி: ரைசன் 5 5600, பி450 போர்டு, 16 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு (ஜிபியூ) ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி, 550 வாட் பவர் சப்ளை.

விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்துக்குள் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்த, புள்ளி புள்ளியாக நாய்ஸ் நிறைந்த ஃபுட்டேஜ். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் ஜிபியூ மெமரி நிறைந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறது. போடாவிட்டாலும் டைம்லைன் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. கடைக்காரர் ஆர்டிஎக்ஸ் 5070 12 ஜிபி எடுக்கச் சொல்கிறார். நண்பரிடம் பழைய 3090 ஒன்று விலைக்கு இருக்கிறது. எனக்கு 5060 டிஐ 16 ஜிபி மேல் ஒரு கண். ராமையும் 64 ஆக்க வேண்டுமா? எதில் முதலில் பணம் போடுவது?

ரிச்சி_தெரு
யோசிக்கவே வேண்டாம், 3090. 24 ஜிபி, 384 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதை), நொடிக்கு 936 ஜிபி போகும். 5060 டிஐ வெறும் 128 பிட், நொடிக்கு 448 ஜிபி. பாதிகூட இல்லை. கூடா (CUDA) கோர், அதாவது கணக்குப் போடும் சிறு அலகுகளின் எண்ணிக்கையும் அப்படித்தான்: 10,496 எங்கே, 4,608 எங்கே? புது மாடல் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கோடம்பாக்கம்_நோட்
ரிச்சி சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் தம்பிக்கு நோய் இரண்டு, மருந்தை ஒன்றுக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மெமரி நிறைவது ஒன்று. நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லாமலே திக்குவது இன்னொன்று. அது கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) பிரச்சினை. என்விடியா 20, 30, 40 வரிசை கார்டுகளில் இருக்கும் டீகோடர் (சுருக்கியதை விரிக்கும் பகுதி) எச்.265-இல் 4:2:0 பார்க்கும், 4:4:4 கூடப் பார்க்கும், நடுவில் இருக்கும் 4:2:2 மட்டும் ஆகாது. ஏன் இப்படி விட்டார்கள் என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை. 50 வரிசையில்தான் அது வந்தது, ரிசால்வ் 20 ஸ்டுடியோவும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்தே உள்ளேயிருக்கும் கிராபிக்ஸ் இந்த வேலையைச் செய்துவிடும். தம்பியின் 5600-இல் உள்கிராபிக்ஸே கிடையாது. ஆக மொத்த பாரமும் 6 கோர் தலையில். 3090 போட்டாலும் அப்படியேதான் திக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து ஒரு கிளிப்பை ஓட்டுங்கள். ஜிபியூ பக்கத்தில் வீடியோ டீகோட் கட்டத்தைப் பாருங்கள்.

ரிச்சி_தெரு
அதற்குத்தானே பிராக்ஸி (எடிட்டுக்கான சிறிய நகல்) இருக்கிறது? ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் ரெடி. டீகோட் செய்வதற்காக ஒருவர் கார்டு வாங்குவாரா?

கோடம்பாக்கம்_நோட்
வெட்டி ஒட்டுவதற்கு பிராக்ஸி போதும், மறுக்கவில்லை. நாய்ஸ் ரிடக்‌ஷனை பிராக்ஸியில் பார்த்து எப்படி முடிவு செய்வீர்கள்? பாதி ரெசல்யூஷனில் நாய்ஸே பாதி அமுங்கிவிடும். அதைப் பார்த்து அளவு வைத்தால், ஒரிஜினலில் பட்டுப்புடவை சரிகையில் புள்ளி புள்ளியாக ஊர்ந்துகொண்டிருக்கும். முழு அளவில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸ் என்ற, எளிதில் ஓடும் கோப்பு வகைக்கு மாற்றலாம். ஆனால் 4கே 25 ஃபிரேமில் ஒரு மணி நேரத்துக்கு 300 ஜிபி பக்கம் ஆகும். இரண்டு கேமரா, வரவேற்பு, முகூர்த்தம் என்று சேர்த்தால் எத்தனை டிஸ்க் வாங்குவார்?

ராம்பிரியன்
எல்லாரும் கார்டையே பேசுகிறீர்கள், 16 ஜிபி ராமில் ரிசால்வ் எப்படி மூச்சு விடும்? ரிசால்வை உருவாக்கிய பிளாக்மேஜிக்கே ஃப்யூஷன் (அதிலுள்ள எஃபெக்ட்ஸ் பகுதி) பயன்படுத்தினால் 32 என்கிறது. என் ஓட்டு 64-க்கு.

ஒரு எச்சரிக்கை. பழைய ராம் குச்சியோடு புதுசைச் சேர்த்துப் போடாதீர்கள். எனக்கு ஒரு கடையில் 'ஒரே ஸ்பீடுதான் சார்' என்று சொல்லி வேறு கம்பெனிக் குச்சி இரண்டு செருகிக் கொடுத்தார்கள். ரெண்டர் 40 நிமிடம் நன்றாகப் போகும், அப்புறம் சத்தமில்லாமல் ரிசால்வ் மூடிக்கொள்ளும். கார்டைச் சந்தேகப்பட்டேன், டிரைவரை மாற்றினேன், விண்டோஸையே புதிதாகப் போட்டேன். கடைசியில் மெம்டெஸ்ட் (ராம் சோதனை) ஒரு ராத்திரி ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு.

கோடம்பாக்கம்_நோட்
இரண்டு குச்சி ஒரே கிட்டாக வாங்குவது சரி. 64 எதற்கு? கலர் பேஜுக்கு 32 தாராளம். மிச்சப் பணம் கார்டுக்குப் போகட்டும்.

ஆப்பிள்காரன்
மேக் மினி எம்4 ப்ரோ, 24 ஜிபி. 4:2:2 வெண்ணெய் மாதிரி ஓடும். சத்தமும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை.

ராம்பிரியன்
அந்த 24 ஜிபியைத்தான் சிபியூவும் ஜிபியூவும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்குப் பற்றவில்லை என்றால் கூட ஒரு குச்சி செருக முடியுமா?

ஷட்டர்_செல்வி
குறுக்கே ஒரு சந்தேகம். கலர் துல்லியமாகத் தெரிய குவாட்ரோ வகைக் கார்டுதான் (என்விடியாவின் தொழில்முறைக் கார்டு) வேண்டும் என்கிறார்களே?

கோடம்பாக்கம்_நோட்
அது பழைய கதை, செல்வி. ஓப்பன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் முறையில் ஓடும் மென்பொருள்களுக்கு 10 பிட் வெளியீடு குவாட்ரோவில் மட்டும் இருந்தது. 2019-இல் ஸ்டுடியோ டிரைவர் வழியாகச் சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கும் திறந்துவிட்டார்கள். துல்லியம் வேண்டுமானால் டெக்லிங்க் அல்லது அல்ட்ராஸ்டுடியோ மானிட்டர் 3ஜி போன்ற வீடியோ வெளியீட்டுச் சாதனம் வழியாகத் தனி மானிட்டருக்கு எடுங்கள். விண்டோஸின் கலர் செட்டிங் எதுவும் அந்த வழியில் குறுக்கே வராது.

ஈரோட்டு_ஃபிரேம்
சோதித்துப் பார்த்தேன். தாலி கட்டும் 40 விநாடிக் கிளிப், எந்த நோடும் (திருத்தப் படியும்) இல்லாமல் ஓட்டினேன். சிபியூ 90-க்கு மேல், வீடியோ டீகோட் கட்டம் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. அதே கிளிப்பை டிஎன்எக்ஸ்எச்ஆராக மாற்றினேன்: லட் (நிற மாற்ற அட்டவணை), நாலு நோடு எல்லாம் போட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது! ஆனால் டெம்போரல் (பக்கத்து ஃபிரேம்களையும் சேர்த்துப் பார்க்கும்) நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டதும் அதே மெமரி எச்சரிக்கை. டைம்லைனை 1080 ஆக்கினால் வேலை செய்கிறது.

ரிச்சி_தெரு
சரி, டீகோட் விஷயத்தில் நோட் அண்ணன் சொன்னது உண்மைதான். ஆனால் 1080-இல் கிரேட் செய்து டெலிவரில் (இறுதி ரெண்டரில்) 4கே ஆக்கிக்கொள்ளலாமே?

கோடம்பாக்கம்_நோட்
டெலிவரில் 4கே கணக்குதானே நடக்கும். பகலில் வராத எச்சரிக்கை ராத்திரி ரெண்டரில் வரும்.

கணக்கைப் பாருங்கள். 3840 × 2160 என்றால் ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். ரிசால்வ் உள்ளுக்குள் 32 பிட் ஃப்ளோட்டில் வேலை செய்கிறது. நாலு சேனலுக்கு இடம் வைத்தால் ஒரு பிக்சலுக்கு 16 பைட். ஒரு ஃபிரேமுக்கு 133 எம்பி. டெம்போரலில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வைத்தால் 5 ஃபிரேம், 660 எம்பிக்கு மேல். இது வெறும் உள்ளே வருவது. இடைக்கணக்குக்கான இடம், மற்ற நோடுகள், விண்டோஸ், திறந்து கிடக்கும் பிரவுசர் எல்லாம் இதற்கு மேல். 6 ஜிபி எப்படித் தாங்கும்? 12 இன்றைக்குத் தாங்கும். மேஜிக் மாஸ்க்கையும் (ஆளைத் தானே பிரித்தெடுக்கும் வசதி) அதே கிளிப்பில் சேர்த்தால் அங்கேயும் இடிக்கும். வேகம் குறைந்தால் காத்திருக்கலாம், இடம் இல்லாவிட்டால் வேலையே நடக்காது. அதனால்தான் வேகமான 5070-ஐ விட்டு 5060 டிஐ 16 ஜிபி என்கிறேன். 8 ஜிபியிலும் அதே பெயரில் ஒன்று விற்கிறது, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

ரிச்சி_தெரு
இடம்தான் முக்கியம் என்றால் 24 ஜிபி இன்னும் நல்லதுதானே! அப்புறம் ஒன்று: 5060 டிஐக்குப் போர்டோடு பேச 8 லேன் (பாதை) தான். பி450 போர்டில் அது பழைய, மெதுவான பிசிஐஇ 3.0. பாதிக் குழாயில் தண்ணீர் வரும்.

கோடம்பாக்கம்_நோட்
நல்ல பாயிண்ட். மெமரி நிரம்பி ராமுக்கு வழியும்போதுதான் அது பெரிதாக வலிக்கும். 8 ஜிபி வாங்கினால் அழ வேண்டியிருக்கும், 16-இல் அவ்வளவு இல்லை. 3090 350 வாட் இழுக்கும், என்விடியா 750 வாட் பவர் சப்ளை கேட்கிறது. தம்பியிடம் 550. 5060 டிஐ 180 வாட்டில் முடிந்துவிடும். அந்த 3090 இதற்கு முன் எங்கே என்ன வேலை பார்த்தது என்று யாருக்குத் தெரியும்?

ரிச்சி_தெரு
கிரிப்டோ மைனிங் செய்த கார்டு எல்லாம் செத்துப்போவதில்லை. பின்பக்க மெமரிச் சூடு பார்த்து, சூடு கடத்தும் பேடு மாற்றினால் ஓடும். நான் இரண்டு ஓட்டுகிறேன்.

ராம்பிரியன்
இரண்டு போட்டால் 48 ஜிபி என்று நினைத்துவிடாதீர்கள். ரிசால்வுக்கு அது 24 ஜிபிதான்.

ரிச்சி_தெரு
தெரியும் ஐயா. இரண்டும் வேறு வேறு மெஷினில்.

ஈரோட்டு_ஃபிரேம்
5060 டிஐ 16 ஜிபி, ராம் 16 ஜிபி குச்சி இரண்டு ஒரே கிட்டாக. பவர் சப்ளையை இப்போதைக்குத் தொடவில்லை. ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கும் முன் மாட்டிவிடுவேன். ரிச்சி அண்ணா, அந்த 3090 உங்களுக்கு வேண்டுமானால் நண்பரிடம் சொல்லி வைக்கிறேன்.

ரிச்சி_தெரு
சொல்லுங்கள், சொல்லுங்கள். என்ன விலை சொல்கிறார்?